கூட இருந்து பார்த்துக்கொள்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வீட்டில் படுத்திருப்பவருக்கு அட்டை இருக்கும், மருந்துச் சீட்டு இருக்கும், மருத்துவமனை எண் இருக்கும். அவரைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டிவிடுகிறவருக்கு ஒரு காகிதமும் கிடையாது. தமிழ்நாட்டில் உதவிகள் இருக்கின்றன. ஆனால் சுகாதாரம், மாற்றுத்திறனாளிகள் நலம், சமூக நலம், வருவாய் என்று நாலு அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை நோயாளியின் பெயரில்தான் வரும். ஆகவே உங்களுக்கு வேண்டியதையும் அவர் பெயரில்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. வந்த கடிதங்களைச் சுருக்கி, ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வலது கை, கால் வரவில்லை. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வர ஒரு தடவைக்கு ஐந்நூறு ரூபாய் கேட்கிறார். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து புண்ணாகிறது. வீட்டுக்காரர் லாரியில் போய்விட்டால் வர பத்து நாள் ஆகும். நான் ஒருத்திதான். (வாசகி, நாமக்கல்)

முதலில் புண்ணைக் கவனியுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறாமல் இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். பகலிலும் இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். குதிகாலுக்கு அடியில் காற்றோட்டம் இருக்கும்படி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. நடுவில் ஓட்டை உள்ள ரிங் மெத்தையும் வேண்டாம், அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். மோட்டார் வைத்த ஏர் பெட் நல்லதுதான். ஆனால் அதை வாங்கிய வீடுகளில் 'இனித் திருப்ப வேண்டாம்' என்று விட்டுவிட்டு, அதன் மேலேயே புண் வந்ததைப் பார்த்திருக்கிறேன். புண் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இனி பிசியோதெரபி. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை, வீட்டுக்கு பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவந்து தருவது என்று மட்டுமே பலர் நினைக்கிறார்கள். அதே திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டும், நோய்த்தணிப்புச் சிகிச்சை செவிலியரும் உண்டு. காசு கிடையாது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரி நகலையும் ஆதார் நகலையும் கொண்டுபோய், 'வீட்டோடு படுக்கை, புண்ணும் இருக்கிறது' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெருவில் மாத்திரை கொடுக்க வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமும் சொல்லி வையுங்கள். பல ஊர்களில் அவர் வழியாகத்தான் வேலை நடக்கிறது. 'நோய்த்தணிப்பு' என்ற சொல்லைக் கேட்டு, கடைசிக் காலத்துக்கு வருகிறார்கள் என்று பயப்படாதீர்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், யூரின் பேக், மூக்குக் குழாய் பார்ப்பதும், வலி குறைப்பதும் அவர்கள் வேலைதான்.

அவர்கள் தினமும் வர முடியாது. அதனால் வரும் நாளில் சிகிச்சையை அவர்களே செய்துவிட்டுப் போக விடாதீர்கள். நீங்கள் செய்யுங்கள், அவர்கள் பக்கத்தில் நின்று திருத்தட்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்பதைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். மாமனார் கையைப் பிடித்து இழுத்தால் அவர் தோள் நழுவும், குனிந்து தூக்கினால் உங்கள் இடுப்பு போகும். இடுப்பு போன மருமகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் ஏர் பெட் வாங்கித் தரவில்லை.

ஊனத்தின் அளவை மருத்துவர் மதிப்பிடும் கட்டம் வந்ததும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மனுப் போடுங்கள். பாதிப்பு 75 சதவீதத்துக்கு மேல் என்று சான்று கிடைத்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் எங்கே என்று கேளுங்கள்.

அம்மாவை நான் வைத்திருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை என்பதால் 'உனக்கென்ன வேலை' என்று இரண்டு அண்ணன்களும் விட்டுவிட்டார்கள். வீட்டைப் பெரிய அண்ணன் பெயருக்கு அம்மா ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார். மருந்துச் செலவுக்குக்கூட அவர்கள் தருவதில்லை. (வாசகி, மதுரை)

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் உங்கள் அம்மாவுக்காகவே இருக்கிறது. மனு அம்மா பெயரில், கோட்டாட்சியரின் (ஆர்.டி.ஓ.) தீர்ப்பாயத்தில் போக வேண்டும். அவரால் வர முடியாவிட்டால் உங்களுக்கு அதிகாரம் கொடுத்து அனுப்பலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகள் தரும்படி உத்தரவிடலாம், விசாரணை முடியும்வரை இடைக்காலத் தொகையும் கேட்கலாம். மருந்துச் சீட்டு, டயபர் பில், பால் கணக்கு எல்லாவற்றையும் மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அந்த நோட்டுதான் உங்கள் சாட்சி. எதிர்மனுதாரர்களாக இரண்டு அண்ணன்களையும் சேருங்கள்.

வீட்டு விஷயம் கொஞ்சம் சிக்கல். 'என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிறகு பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்துசெய்ய அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவில் இடமுண்டு. ஆனால் அந்த நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்பதிலேயே பல வழக்குகள் நின்றுபோகின்றன. பத்திரத்தை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். இன்னும் எழுதிக் கொடுக்காத அம்மாக்கள் இதைப் படித்தால், 'அன்பின் பேரில்' என்ற வார்த்தைகளோடு நிறுத்தாமல் சாப்பாடு, மருந்து, இருக்க இடம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.

அண்ணன்களோடு முறிந்துவிடுமே என்று பயந்தால், முதலில் முதியோர் உதவி எண் 14567-ஐ அழையுங்கள். காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். சில வீடுகளில் வெளியாள் ஒருவர் போனில் கேட்டதே போதுமாக இருந்திருக்கிறது. இன்னொன்று: பணம் தராத அண்ணன் மாதத்தில் இரண்டு நாள் வந்து அம்மாவோடு தங்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்குப் பணத்தைவிட அந்த இரண்டு நாள் பெரிது என்று உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கம் சொல்கிறது.

மகனுக்கு அறிவுசார் குறைபாடு. அடுத்த ஆண்டு 18 முடிகிறது. எங்களுக்குப் பிறகு என்ன? (தந்தை, தஞ்சாவூர்)

18 முடிந்ததும் பெற்றோர் என்பதாலேயே சட்டப்படி பாதுகாவலராக இருப்பது முடிந்துவிடும். பலருக்கு இது வங்கியில் கையெழுத்துக் கேட்கும்போதுதான் தெரிகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். பெற்றோரே மனுப் போடலாம். உங்களுக்குப் பிறகு பொறுப்பேற்கப் போகிறவர் யார் என்பதை இப்போதே அவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். மகனுடைய அக்காதான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது அக்காவுக்கும் தெரிய வேண்டும்.

அதே சட்டத்தின் கீழ் 'நிராமயா' என்ற காப்பீடு உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவையும் சேர்த்து. நீங்கள் அரசு ஊழியராக இருந்தால், மகனின் பெயரைக் குடும்ப ஓய்வூதியத்துக்காகப் பணிப் பதிவேட்டில் சேர்த்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஓய்வுபெற்ற பிறகு அலைவதைவிட இப்போது எளிது. நேரில் போய்க் கற்றுக்கொள்ள சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக இருக்கும் தேசிய நிறுவனமும், தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கமும் பெற்றோருக்குப் பழக்கமான இடங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசின் 'விழுதுகள்' சேவை மையம் உங்கள் பக்கத்தில் திறந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

வருமான வரியில் ஏதாவது சலுகை உண்டா? (வாசகர், கோவை)

உண்டு. உங்களை நம்பியிருக்கும் மாற்றுத்திறனாளிக்காக வருமானத்திலிருந்து கழிவு (1961-இன் வருமான வரிச் சட்டத்தில் 80டிடி பிரிவு): ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 75,000 ரூபாய், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. செலவுக் கணக்குக் காட்ட வேண்டாம், சான்று போதும். பழைய வரி முறையைத் தேர்ந்தவருக்கு மட்டும்.

கணவருக்கு மறதி நோய். சாயங்காலம் ஆனால் 'வீட்டுக்குப் போகணும்' என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். இதுதான் வீடு என்று சொன்னால் கோபம். போன வாரம் கையை ஓங்கினார். நானும் ஓங்கிவிட்டேன். அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. (வாசகி, சென்னை)

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மறதி நோயில் பொழுது சாயும் நேரத்தில் குழப்பம் கூடுவது வழக்கம். அவர் கேட்கும் வீடு பெரும்பாலும் சின்ன வயதில் இருந்த வீடு. அதனால் 'இதுதான் வீடு' என்ற வாதத்தில் நீங்கள் ஜெயிக்கவே முடியாது. 'போகலாம், காபி குடித்துவிட்டுப் போகலாம்' என்று சொல்லுங்கள். முடிந்தால் கூடவே தெருமுனைவரை நடந்துவிட்டுத் திரும்புங்கள். நாலரை மணிக்கே விளக்கைப் போட்டுவிடுங்கள். பகல் தூக்கத்தைக் குறையுங்கள். சட்டைப் பையில் முகவரிச் சீட்டு வையுங்கள். திடீரென்று இந்தக் குழப்பம் கூடியிருந்தால் சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ காரணமாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

சென்னையில் இருப்பதால் உங்களுக்கு வாய்ப்பு அதிகம். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 முதல் இயங்குகிறது. அண்ணாநகரில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு மறதி நோய்க்கென்றே பிரிவு வைத்திருக்கிறது, குடும்பத்தாருக்கும் ஆலோசனை சொல்கிறார்கள். அங்கே போகும்போது மருந்துக்காக மட்டும் பேசாதீர்கள். கையை ஓங்கியதையும் சொல்லுங்கள், அவர்கள் அதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்கள். அதுவரை, இரவில் நெஞ்சு படபடத்தால் 14416. அரசின் மனநல உதவி எண் அது, டெலி மானஸ் என்று பெயர், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். அது நோயாளிக்கு மட்டுமான எண் இல்லை. அடுத்த தடவை கோபம் ஏறும்போது அவரைப் பத்திரமான இடத்தில் உட்காரவைத்துவிட்டு, நீங்கள் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஹோம் நர்ஸ் வைக்கலாம் என்று பார்க்கிறோம். ஏஜென்சியில் அட்வான்ஸ் கேட்கிறார்கள். (வாசகர், திருச்சி)

அட்வான்ஸ் கொடுக்குமுன் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: வருபவர் படித்த நர்ஸா, பழகிய உதவியாளரா; என்னென்ன வேலை செய்வார்; லீவு போட்டால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார். ஆதார் நகலும் போலீஸ் சரிபார்ப்பும் கேளுங்கள். ஊசி போடுவதும் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாற்றுவதும் படித்த நர்ஸின் வேலை. உதவியாளர் 'எனக்குத் தெரியும்' என்று சொன்னாலும் விடாதீர்கள். முதல் இரண்டு நாள் கூடவே இருங்கள். மூன்றாவது நாள் மதியம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து பாருங்கள்.