வசனத்தின் வால்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கோவையில் எட்டுப் பேர் சேர்ந்து நாடகம் போடும் அமெச்சூர் குழு எங்களுடையது. சில மாதங்களாக 1930கள், 40களின் ஹாலிவுட் 'ஸ்க்ரூபால்' (காதல் ஜோடி வாய்ச்சண்டை போட்டே கிறுக்குத்தனம் செய்யும்) நகைச்சுவைப் படங்களைத் தேடிப் பார்க்கிறோம். 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்', 'பிரிங்கிங் அப் பேபி', 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' மூன்றும் பார்த்தாயிற்று. இத்தனை வருடம் கழித்தும் சிரிப்பு வருகிறதே, எப்படி? அந்தக் காலத்து மனிதர்களின் வெள்ளந்தித்தனமா? தணிக்கை கெடுபிடியால் முத்தத்துக்குப் பதில் பேச்சை வைத்தார்கள் என்கிறார்களே, அதுவா? கடைசிப் படத்தில் நிமிடத்துக்கு 240 சொல் பேசுகிறார்களாம். எங்கள் புது நாடகத்தில் நாங்களும் அப்படிப் பேசிப் பார்த்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர், "என்னப்பா சொல்றீங்க, ஒண்ணும் புரியலயே" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். அடுத்துப் பார்க்க வேண்டிய பத்துப் படங்களைப் பட்டியலிட்டால் உதவியாக இருக்கும்.

எம்., கோவை

*

அன்புள்ள எம்.,

முன்வரிசைப் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

முதலில் அந்த 'வெள்ளந்தித்தனம்'. மூன்றாவது படத்தை நிஜமாகவே பார்த்தீர்களா? 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யில் விடிந்தால் ஒருவனைத் தூக்கில் போடப்போகிறார்கள். தேர்தல் வருகிறது, ஓட்டு வேண்டும் என்பதற்காக மேயரும் ஷெரீஃபும் அவனுடைய தண்டனை நிறுத்த உத்தரவையே அமுக்கப் பார்க்கிறார்கள். ஒரு பெண் ஜன்னல் வழியே குதிக்கிறாள். இதில் வெள்ளந்தி யார்? 'மை மேன் காட்ஃப்ரே' (1936) நியூயார்க்கில் ஆற்றங்கரைக் குப்பைமேட்டில் தொடங்குகிறது. பணக்காரர்கள் விளையாட்டுப் போட்டிக்காக அங்கே வந்து, வேலையிழந்த மனிதன் ஒருவனைப் பொருள்போலத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்தக் காலத்து ஆட்கள் நம்மைவிட அப்பாவிகள் என்ற நினைப்போடு பழைய படம் பார்க்க உட்கார்ந்தால் பாதிப் படம் கண்ணில் படாது.

தணிக்கை விஷயம் பாதி உண்மை. காலண்டரைப் பாருங்கள். 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' 1934 பிப்ரவரியில் வந்தது. ஜான் பேரிமோரும் கரோல் லொம்பார்டும் ரயிலில் கத்தித் தீர்க்கும் ஹோவர்ட் ஹாக்ஸின் 'ட்வென்டியத் செஞ்சுரி' அதே ஆண்டு மே மாதம். ஒழுக்க விதிகளை ஹாலிவுட் தணிக்கை அதிகாரி ஜோசப் பிரீன் கறாராக அமல்படுத்தத் தொடங்கியது ஜூலையில். ஆக, 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்'டில் நாயகன், நாயகி கட்டில்களுக்கு நடுவே கயிறு கட்டிப் போர்வை தொங்கவிட்டது கெடுபிடிக்கு முன்பே. கெடுபிடி வந்தபிறகு அந்தப் போர்வையின் அருமை மற்றவர்களுக்கும் தெரிந்தது, அவ்வளவுதான். 'தி ஆஃபுல் ட்ரூத்' (1937) முடிவில் போர்வையின் இடத்தில், தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு கதவு. காற்று அடித்தால் தானாகத் திறந்துகொள்ளும். லியோ மெக்கேரிக்கு அது போதுமாயிருந்தது, சிறந்த இயக்குநர் ஆஸ்காரும் வாங்கிவிட்டார். அந்தப் போர்வைப் படத்தில் கிளார்க் கேபிள் சட்டையைக் கழற்றியதும் அமெரிக்காவில் பனியன் விற்பனை படுத்துவிட்டது என்ற கதையும் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும். யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இனி உங்கள் 240 சொல். எல்லோரும் எடுத்துக்காட்டுகிற கணக்குதான். ஆனால் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்து என்ன செய்வதாக உத்தேசம்? 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் மூன்று. நிமிடத்துக்கு 240 தமிழ்ச் சொல் பேசினால் அது நாடகமில்லை, ஏலம். உங்கள் எட்டுப் பேரும் ஏலம் போட்டிருக்கிறார்கள், பெரியவர் வாங்காமல் எழுந்துவிட்டார்.

'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யை எடுத்த ஹாக்ஸ் செய்தது வேறு. அவர் நடிகர்களை வேகமாகப் பேசச் சொன்னார், உண்மைதான். ஆனால் வேகமாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் தொடங்கிவிடுவது. அப்படித் தொடங்கினால் முதலாமவரின் கடைசிச் சொற்கள் அமுங்கிப்போகுமே? அதற்கு அவர் செய்த வேலையை வைத்து ஒரு தொழிற்பட்டறையே நடத்தலாம். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னாலும் பின்னாலும் தேவையில்லாத சில சொற்களை ஒட்டவைத்தார். ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது அமுங்குவது அந்த ஒட்டுச் சொற்கள்தான். நடுவில் இருக்கும் சரக்கு பத்திரமாக வந்து சேர்ந்துவிடும். தலை, உடல், வால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையும் வாலும் மிதிபடுவதற்கென்றே எழுதப்பட்டவை.

இங்கேதான் நம் ஊர் நாடகக்காரர்கள் எல்லோரும் குப்புற விழுகிறார்கள், நீங்கள் மட்டுமில்லை. ஆங்கிலத்தில் 'மாட்டேன்' என்பது வாக்கியத்தின் இரண்டாவது சொல்லிலேயே வந்துவிடும். அதற்குப் பிறகு யார் குறுக்கே விழுந்தாலும் கேட்பவருக்கு நஷ்டமில்லை. தமிழில் அது கடைசியில் வரும். ஒருத்தி முன்னாள் கணவனிடம் சொல்கிறாள்:

"உன்னைத் திரும்பவும் நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்."

அவன் 'பண்ணிக்க' என்ற இடத்தில் உள்ளே புகுந்தால் சபைக்கு என்ன கேட்கும்? பண்ணிக்கிறாளா, மாட்டாளா? அந்த இழவு தெரியாமல் எவன் சிரிப்பான்? வினை கடைசியில் வரும் மொழியில் வாலில்லாமல் ஓவர்லேப் செய்வது, முடிச்சுப் போடாமல் தைப்பது மாதிரி. இழுத்ததும் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். கிரேசி மோகன் வசனங்களை நினைத்துப் பாருங்கள், 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) போதும். சிலேடை வந்து விழும்வரை எதிராளி காத்திருந்துதான் பதில் சொல்வார். அது வேறு தாளம், அதற்கு அதுதான் சரி. அந்தத் தாளத்தில் எழுதிய வசனத்தை ஹாக்ஸ் தாளத்தில் பேசினால் இரண்டும் கெடும்.

வழி நம் பேச்சுத் தமிழிலேயே இருக்கிறது. கோபம் வந்தால் யாராவது இலக்கணப்படி வினையைக் கடைசியில் வைக்கிறார்களா? "மாட்டேன்னா மாட்டேன், கேட்டுக்கோ, கல்யாணம் பண்ணிக்க மாட்டேன் உன்னை, திரும்பவும், இன்னொரு தடவை, என்ன ஆனாலும் சரி." இப்போது 'உன்னை'க்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் அவன் புகுந்துகொள்ளட்டும். "கேட்டுக்கோ", "நான் சொல்லிட்டேன்", "ஆமா பின்னே", "அதானே", "தெரியுமா உனக்கு" எல்லாம் வால்கள். "இல்ல இல்ல", "இங்க பாரு", "ஒரு நிமிஷம் இரு" எல்லாம் தலைகள். நம் வீடுகளில் இவை இலவசமாகக் கிடைக்கின்றன. நாடகம் எழுத உட்கார்ந்தவுடன் எல்லோரும் இவற்றைக் குப்பை என்று பெருக்கித் தள்ளிவிட்டு, செதுக்கிய வாக்கியங்களை வைத்துக்கொண்டு திண்டாடுகிறீர்கள்.

ஒத்திகையில் இப்படிச் செய்யுங்கள். முதலில் மெதுவாக வாசியுங்கள். ஒவ்வொரு வசனத்திலும், இதற்குமேல் கேட்காவிட்டாலும் விஷயம் புரிந்துவிடும் என்கிற சொல்லைக் கண்டுபிடித்து அதற்குப் பின்னால் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அடுத்தவர் வாய் திறக்க வேண்டிய இடம் அந்தக் கோடு. கோட்டுக்குப் பின்னால் மூன்று நான்கு சொல்லாவது வால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதிச் சேருங்கள். அடுத்தவரின் வசனத்துக்கு முன்னால் இரண்டு சொல் தலை. வசனம் எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறுக்கே ஆள் வந்ததும் நம் நடிகர்கள் மரியாதையாக வாயை மூடிவிடுவார்கள். அல்லது தன் வால் கேட்க வேண்டுமென்று குரலை உயர்த்துவார்கள். இரண்டும் கூடாது. வாலை அதே குரலில், கேட்டாலும் கேட்காவிட்டாலும், கடைசி எழுத்துவரை பேசி முடிக்க வேண்டும். இன்னொன்று, இரண்டு பேரும் ஒரே சுருதியில் பேசினால் எந்தக் கோடும் காப்பாற்றாது. ஒருவர் கீழே பேசினால் மற்றவர் மேலே. படத்தில் பல மைக்குகளை வைத்து, யார் வாய் திறக்கிறாரோ அவருடையதைத் திறந்து மற்றதை மூடிச் சமாளித்தார்கள். உங்களுக்கு மேடைக்குமேல் தொங்குவது இரண்டு மைக் இருந்தால் அதிகம். ஆகவே தொண்டையில்தான் வித்தியாசம் காட்ட வேண்டும்.

எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யின் பிற்பகுதியில் பத்திரிகையாளர் அறையில் நடக்கும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். மேல்மூடி போட்ட மேசைக்குள் தப்பி வந்த தூக்குத்தண்டனைக் கைதி ஒளிந்திருக்கிறான். ஆசிரியர் வால்டர், அதாவது கேரி கிராண்ட், தொலைபேசியில் முதல் பக்கத்தைப் பிரித்துப் போடச் சொல்லிக் கத்துகிறார். சீன பூகம்பத்தைத் தூக்கு, ஹிட்லரைச் சிரிப்புப் பக்கத்துக்கு மாற்று, சேவல் செய்தியை மட்டும் தொடாதே, அதில் மனித நேயம் இருக்கிறது! அதே நேரம் அவருடைய முன்னாள் மனைவியும் நிருபருமான ஹில்டி (ரோசலிண்ட் ரஸ்ஸல்) தட்டச்சில் செய்தியை அடித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறாள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற புரூஸ் (ரால்ஃப் பெல்லமி) ஒன்பது மணி ரயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டு நிற்கிறான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசியும் ஏன் குழப்பமில்லை? ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு விஷயம்தான். அவருக்குப் பக்கம், இவளுக்குச் செய்தி, பாவம் அவனுக்கு ரயில். எந்த நொடியில் யாருடைய குரலைப் பிடித்தாலும் உங்களுக்கு இடம் தெரிந்துவிடும். புரூஸ் சொல்வது ஹில்டி காதில் விழவில்லை என்பதுதான் நகைச்சுவை. ஆகவே அவன் வசனம் முழுதாகக் கேட்காமல் போனால் இன்னும் நல்லது. உங்கள் நாடகத்தில் மூன்று பேரும் ஒரே விஷயத்தைப் பற்றி ஒரே நேரத்தில் பேசியிருப்பீர்கள். பந்தயம் கட்டுகிறேன்.

இத்தனையும் எதற்கு? ஓரிடத்தில் நிறுத்துவதற்கு. தூக்குக் கைதிக்கு ஆறுதலாக இருந்த மாலி என்ற பெண்ணை அதே அறையில் நிருபர்கள் எல்லோருமாகக் கிண்டலடித்துக் குதறுகிறார்கள். ஹில்டி அவளை வெளியே அழைத்துப்போகிறாள். அறையில் சத்தம் அப்படியே விழுந்துவிடுகிறது. ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹில்டி திரும்பி வந்து "பத்திரிகைத் துறைப் பெருமக்களே" என்று ஒற்றை வரி சொல்கிறாள். தலையும் இல்லை, வாலும் இல்லை, யாரும் குறுக்கே வரவுமில்லை. அதுவரை ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாக முடிக்கவிடாத படம் அது. பின்னணி இசையும் கிடையாது. படத்தின் தொடக்கத்தையும் முடிவையும் விட்டால் இசை என்று சொல்ல எதுவும் இல்லை. வயலின் வந்து இங்கே வருத்தப்படு என்று தோளைத் தட்டுவதில்லை. உங்கள் குழுவில் கீபோர்டுக்காரர் இருந்தால் மூன்று வாரம் லீவு கொடுத்தனுப்புங்கள்.

சிரிப்பு நடிகரின் முகத்தில் தொடங்கக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. 'பிரிங்கிங் அப் பேபி' (1938) படப்பிடிப்பில் கேத்தரின் ஹெப்பர்ன் ஆரம்பத்தில் சிரிப்புக்காட்டி நடித்தார், சரிவரவில்லை. ஹாக்ஸ், வால்டர் கேட்லெட் என்ற பழுத்த மேடை நகைச்சுவைக்காரரைக் கூப்பிட்டு அவருக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். பாடம் ஒன்றே ஒன்று: நீ சொல்வதை நீ நம்பு. உணவகத்தில் அவர் கவுனின் பின்பக்கம் கிழிந்துபோகிற காட்சியை நினைவில் கொண்டுவாருங்கள். நமக்குத் தெரியும், தொப்பியால் மறைக்கத் தவிக்கும் கிராண்டுக்குத் தெரியும், ஹெப்பர்னுக்குத் தெரியாது. தெரியாதவர் தெரிந்தவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார், அதுவும் மனப்பூர்வமாக. அந்தக் கோபத்தில் ஒரு சிட்டிகை விளையாட்டு கலந்திருந்தாலும் காட்சி செத்திருக்கும். வெளியானபோது படம் ஓடவில்லை என்பது வேறு விஷயம். அதைப்பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் இன்று முடியாது.

அட, நீங்கள் கேட்டது பட்டியல். பத்தெல்லாம் வேண்டாம், பத்து கொடுத்தால் பத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு டிக் அடிப்பீர்கள். 'தி லேடி ஈவ்' (1941) பாருங்கள். அதில் பார்பரா ஸ்டான்விக், ஹென்றி ஃபோண்டாவின் தலைமுடியைக் கோதியபடி கிட்டத்தட்ட நாலு நிமிடம் ஒரே ஷாட்டில், கிசுகிசுப்பாகப் பேசுகிறார். வேகமே இல்லாமல் எப்படி என்று தெரியும். 'தி ஆஃபுல் ட்ரூத்' பாருங்கள், கதவுக்காக. சென்னையில் ஏவிஎம் தயாரித்த இந்திப் படம் 'சோரி சோரி' (1956) 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' கதைதான், விருப்பமிருந்தால் அதையும். சங்கர் ஜெய்கிஷன் பாட்டுகள் அமிர்தம். பேசித் தீர்க்க வேண்டிய இடங்களில் பாடித் தீர்த்துவிட்டார்கள்.

'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யை மறுபடி இரண்டு தடவை. முதல் தடவை சப்டைட்டிலோடு, இரண்டாவது தடவை அதை அணைத்துவிட்டு. கண் எழுத்தில் மாட்டியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம் தப்பிவிடும். எந்தப் பிரதியில் பார்த்தீர்கள் என்று சொல்லவில்லை. 28 ஆண்டில் புதுப்பிக்க வேண்டிய காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் அது பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் போட்டு விற்கலாம் என்பதால் இணையத்தில் இரைச்சலும் மங்கலுமாகப் பல பிரதிகள் கிடக்கின்றன. ஒருவர் மேல் ஒருவர் பேசும் படத்தை அந்த ஒலியில் கேட்பது வீண். மறுசீரமைத்த பிரதியைத் தேடி எடுங்கள், ஹெட்ஃபோன் வேண்டாம், அறையில் எட்டுப் பேரும் சேர்ந்தே உட்காருங்கள். ஸ்கிரிப்டையும் பென்சிலையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.