கர்ணம் வீட்டு மரப்பெட்டி

கேள்வி: என் பாட்டனார் சேலத்தை அடுத்த ஒரு கிராமத்தில் பரம்பரைக் கர்ணமாக (ஊர்க் கணக்கராக) இருந்தவர். அவருடைய மரப்பெட்டியில் ஏராளமான ஓலைக்கட்டுகள் உள்ளன. "பழைய நிலக்கணக்குத்தானே, ஆடிப்பெருக்கன்று மேட்டூரில் காவிரியில் விட்டுவிடு" என்கிறார்கள் உறவினர்கள். விடலாமா?
– ஒரு வாசகர், சேலம்.

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஏடுகளை ஆற்றில் விடுவது புண்ணியம் என்ற நம்பிக்கையால் நாம் இழந்த நூல்களுக்கு அளவில்லை.

கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்படும் வரை தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருந்து வந்ததால், எழுத்தாணி பிடித்துப் பழகிய அத்தகைய வீடுகளில் ஊர்க்கணக்கோடு நிகண்டு (செய்யுள் வடிவ அகராதி), சோதிடம், வைத்தியம், அம்மானை (கதைப்பாடல்) போன்றவையும் படியெடுத்து வைக்கப்பட்டிருக்கக்கூடும். ஆகவே கணக்கு எது, நூல் எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வரிக்கு வரி மா, காணி, முந்திரி (1/20, 1/80, 1/320) ஆகிய பின்னங்களின் குறிகள் வந்தால் அது பெரும்பாலும் கணக்கு. அதையும் எறிந்துவிட வேண்டாம், ஊரின் நிலமும் வரியும் அதில் இருக்கின்றன. மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து, துளையில் கயிறு கோத்து, ஏடுதோறும் எண் இட்டிருந்தால் நூலாக இருக்க வாய்ப்பு மிகுதி. கடைசி ஏட்டில் படியெடுத்தவர் பெயரும் ஆண்டும் இருக்கலாம். ஆனால் பிரபவ முதலான ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், அதை மட்டும் நம்பிக் காலத்தை முடிவு செய்யாதீர்கள். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கமில்லை. பொறுமையாகவே படிக்க வேண்டும்.

அரசு அலுவலர் ஒருவரிடமிருந்த பிரதி என்ன செய்யும் என்பதற்குச் சான்று உங்கள் ஊர்ப் பெயரோடே வழங்கும் சேலம் இராமசுவாமி முதலியார். கும்பகோணத்தில் முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) இருந்த அவர், 21-10-1880 அன்று தம்மைக் காண வந்த உ.வே.சாமிநாதையர் தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ் முதலியவற்றை அடுக்கிச் சொல்லியும் நிறைவடையாமல், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். பின்னர்த் தம்மிடமிருந்த பிரதியையும் கொடுத்தார். பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட ஐயரே அதுவரை படித்திராத அந்தக் காப்பியம் 1887இல் அவருடைய பதிப்பாகவே அச்சேறியது. ஒரு முன்சீபின் வீட்டில் அந்தப் பிரதி காப்பாற்றப்பட்டிருந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிய்க்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். ஒவ்வொரு கட்டின் முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் படமெடுத்து, சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறைக்கோ எழுதுங்கள். அதுவரை பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகையின்மேல் வையுங்கள். கரையான் தரைவழியாகவே ஏறும்.