வாக்குத்தத்த அட்டையும் ஸ்டோர் ரூமும்

வாசகர் கடிதம்:

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 36. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், கல்யாணமாகி வந்தது திருப்பூர். ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் 8 வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். புத்தாண்டு ராத்திரி ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், வருடத்துக்கான கர்த்தருடைய வாக்காக வந்த வேத வசனம், "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்பது. செக்‌ஷன் ஹெட் பதவிக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னேன்.

பிப்ரவரியில் பையர் ஆடிட், அதாவது சரக்கு வாங்கும் கம்பெனியின் சோதனை, வந்தது. டெய்லர்கள் பார்த்த ஓவர்டைமை மறைத்து எழுதிய இன்னொரு ரிஜிஸ்டரில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். மூன்றே வாரத்தில் ஆக்சஸரீஸ் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். நான் டேலி கம்ப்யூட்டர் கணக்கு கற்றுக்கொடுத்த பெண் இன்று செக்‌ஷன் ஹெட். நான் பட்டனும் ஜிப்பும் எண்ணுகிறேன். "ஒரு கையெழுத்துதானே, போட்டுவிட்டுப் போயிருக்கலாமே" என்கிறார் என் வீட்டுக்காரர். வீட்டுக் கடனும் இருக்கிறது. ஜெபக்குழு அம்மாக்கள், "உனக்கு விசுவாசம் பத்தலை, 21 நாள் உபவாசம் இரு" என்கிறார்கள்.

கர்த்தருக்காக நின்ற எனக்கு ஏன் இப்படி? வேலையை விட்டுவிடலாமா? வேறு வேலை தேடுவதும், மேலே புகார் கொடுப்பதும் அவிசுவாசமா? முழங்கால் போட்டால் வார்த்தையே வரவில்லை அக்கா.

பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, திருப்பூர்

பதில்:

அன்பான சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் செய்ததைப் பற்றி ஒரே வார்த்தைதான் இருக்கிறது: "மாட்டேன் என்றேன்." அதைத் தாண்டி ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன்.

யாக்கோபு நிருபம் 5-ம் அதிகாரம் 4-ம் வசனம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். "இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது." கூலி கூக்குரலிடுகிறது என்று எழுதியிருக்கிறது, கவனித்தீர்களா? வேலைக்காரன் வாயைத் திறக்கப் பயந்தாலும் அவனுக்குக் கொடுக்காத காசு கத்துகிறது. அறுத்தவர்களுடைய கூக்குரலும் கர்த்தரின் செவிகளில் பட்டது என்று அதே வசனம் முடிகிறது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தின் காலத்திலிருந்தே இருக்கிற விதி. ராத்திரி 10 மணி வரை பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்த ஒரு பெண்ணின் அந்த மணிநேரங்களை இல்லாமல் ஆக்குவதற்குத்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்டார்கள். அந்த டெய்லர்களுக்கு நீங்கள் மறுத்த விஷயம் தெரியாது. தெரியாமலே போகலாம். வேறு யாரோ கையெழுத்துப் போட்டு அந்த ரிஜிஸ்டர் ஆடிட்டையும் தாண்டியிருக்கலாம். ஆனாலும் கர்த்தருடைய காதில் விழுந்த சத்தம் உங்கள் காதிலும் விழுந்திருக்கிறது. அந்த அறையில் அவர் உங்களைக் கைவிட்டிருந்தார் என்று என்னால் நினைக்கவே முடியவில்லை.

இனி அந்த அட்டைக்கு வருகிறேன். வருடா வருடம் டிசம்பர் 31 ராத்திரி தட்டிலிருந்து வாக்குத்தத்த அட்டை எடுத்து வளர்ந்தவள் நான். அதைக் குறைவாகப் பேச எனக்கு மனசு வராது. ஆனால் ஒரே ஒரு வசனம் அட்டையில் தனியாக வரும்போது, அது யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்பது வெளியே நின்றுவிடுகிறது. அந்த வசனம் வருகிற உபாகமம் 28-ஐ முழுவதும் படித்துப் பாருங்கள். மோவாப் தேசத்தில், கானானுக்குள் நுழையப்போகிற ஒரு ஜனத்துக்கு மோசே பேசுகிறார். தலை, வால் என்பது அந்த ஜனம் மற்ற ஜாதிகள் நடுவில் எப்படி இருக்கும் என்பதைப் பற்றியது. முந்தின வசனம் கடன் கொடுப்பது, வாங்குவதைப் பற்றிப் பேசுகிறது. "கட்டளைகளைக் கைக்கொள்ளவும்" என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. ஒரு கம்பெனியில் யார் செக்‌ஷன் ஹெட் ஆவார் என்று அந்த வசனம் ஒருநாளும் சொல்லவில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நாம்தான் அப்படிப் படித்துவிடுகிறோம். நானும் படித்திருக்கிறேன். ஆக, கர்த்தர் வாக்கு மாறிவிட்டார் என்ற பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. அவர் தராத வாக்கு அது.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் உங்களிடம் யோசேப்பைப் பற்றிப் பேசியிருப்பார்கள். "யோசேப்பைப் பார், சிறையிலிருந்து சிங்காசனம்!" அந்தக் கதையை அரண்மனையிலிருந்து பின்னோக்கிச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். 17 வயதில் சகோதரர்களால் விற்கப்பட்டவன் எகிப்து ராஜா பார்வோன் முன் நிற்கும்போது 30 வயது. நடுவில் 13 வருடம். அவனும் "மாட்டேன்" என்று சொன்னதற்காகத்தான் சிறைக்குப் போனான். அவனுடைய எஜமான் போத்திபாரின் மனைவி, தன் ஆசைக்கு அவன் இணங்காததால் அவன் மேல் பொய் சொன்னாள், அவன் பேச்சு எடுபடவில்லை. இப்போது ஆதியாகமம் 39-ஐத் திறந்து, "கர்த்தர் யோசேப்போடே இருந்தார்" என்கிற விஷயம் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான்கு இடங்கள். இரண்டு அவன் அடிமையாக இருந்த வீட்டில், இரண்டு சிறைச்சாலையில். 41-ம் அதிகாரத்தில் மோதிரமும் பொன் சரப்பணியும் இரதமும் வருகிறபோது அந்த வாக்கியத்தைக் காணோம். அரண்மனையில் அவர் இல்லை என்று அர்த்தமில்லை. எந்த இடத்தில் சந்தேகம் வருமோ அந்த இடத்தில்தான் எழுதியவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். உங்கள் ஸ்டோர் ரூம் அந்த 39-ம் அதிகாரத்தில் இருக்கிறது. உங்களுக்கு 41-ம் அதிகாரம் இந்தக் கம்பெனியிலேயே வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எனக்கு அது தெரியாது.

என் விஷயத்தில் வரவில்லை. நான் வேலை பார்த்த பள்ளியில் தலைமையாசிரியை பொறுப்பு அனுபவத்தின்படி எனக்கு வந்திருக்க வேண்டும். வேறொருவருக்குப் போனது. காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. மூன்று வருடம் அதற்காக ஜெபித்தேன். ஓய்வு பெறும் வரை அது கிடைக்கவில்லை. அந்த நாட்களில் ஆலயத்தில் எப்போதும் உட்காரும் இடத்தை விட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன். பாட்டு ஆரம்பித்தால் வாய் திறக்காது. கர்த்தர் மேல் கோபம், அதை ஒத்துக்கொள்ளவும் பயம். ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, கணக்கு வராமல் அழுதவள், கணக்கு வந்துவிட்டது என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வராண்டாவில் ஓடி வந்தாள். அந்த நிமிஷம் எனக்குப் பதவி ஞாபகமே இல்லை. என் வேலை என் கையிலேயேதான் இருந்தது, அதை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வருத்தம் அதற்குப் பிறகும் இருந்தது. ஆனால் அடுத்த ஞாயிறு பாடினேன்.

வேறு வேலை தேடுவது அவிசுவாசமா என்று கேட்டீர்கள். இல்லை சகோதரி, கொஞ்சமும் இல்லை. சிறையில் பானபாத்திரக்காரரின் தலைவனிடம் யோசேப்பு வாய்விட்டுக் கேட்டான்: வெளியே போனதும் என்னை நினைத்துப் பார்வோனிடம் என் காரியத்தைச் சொல்லும் என்று. அவன் மறந்துபோனான், இரண்டு வருடம் ஓடியது, அது வேறு. ஆனால் கேட்டதற்காக வேதம் யோசேப்பைக் குற்றம் சொல்லவில்லை. புகாரும் அப்படித்தான். பிலிப்பி பட்டணத்தில் விசாரிக்காமலே பவுலை எல்லோருக்கும் முன்பாக அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் சத்தமில்லாமல் போய்விடச் சொன்னபோது அவர் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு போகவில்லை. ரோமராகிய எங்களை அடித்தவர்கள் தாங்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். முந்தின ராத்திரி அதே சிறையில் துதித்துப் பாடியவரும் அவர்தான். பின்னொரு சமயம் இராயனுக்கு அபயமிட்டார். அந்தக் காலத்து மேல்முறையீடு அது. சட்டம் கொடுத்த வழியைப் பயன்படுத்துவது அவருடைய விசுவாசத்துக்கு இடைஞ்சலாகவே இல்லை.

அதனால் சில காரியங்களைச் செய்யுங்கள். கையெழுத்து கேட்ட தேதி, கேட்டவர், சொன்ன வார்த்தை, இடமாற்றம் வந்த தேதி எல்லாவற்றையும் வீட்டில் ஒரு நோட்டில் இப்போதே எழுதி வையுங்கள். ஞாபகம் மங்கும். அங்கே நேர்மையான ஒரு மேலதிகாரி இருந்தால் முதலில் அவரிடம் எழுத்தில் கேளுங்கள்: என் மாற்றத்துக்குக் காரணம் என்ன, இன்க்ரிமென்ட் உண்டா என்று. கோபம் காட்டாமல் நாலே வரியில் இருக்கட்டும். பையரின் புகார் எண் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தால் அதுவும் ஒரு வழி. தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருப்பதும் இதற்குத்தான். ஆனால் வெளியே புகார் போவது சின்ன விஷயமல்ல. பெயர் தெரிந்தால் உங்களுக்கு நெருக்கடி வரும். கணவரிடமும், தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடமும் பேசாமல் அதைச் செய்யாதீர்கள். பயந்து கொஞ்ச நாள் தள்ளிப் போட்டால் அது பாவமில்லை.

ராஜினாமா மட்டும் இன்றைக்கு வேண்டாம். வீட்டுக் கடன் தவணை உங்கள் மனவருத்தத்துக்காகக் காத்திருக்காது. இன்னொரு இடம் உறுதியாகிக் கையில் ஆர்டர் வந்த பிறகு கொடுங்கள். 8 வருடம் முடித்திருக்கிறீர்கள், 5 வருடம் தாண்டியவருக்குப் பணிக்கொடை உண்டு, வருடத்துக்கு 15 நாள் சம்பளக் கணக்கில். அதைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண் அடுத்த கம்பெனிக்கும் அதேதான், அதனால் கோபத்தில் பணத்தை எடுத்துச் செலவழிக்க வேண்டாம். டேலியும் ஆடிட் ஃபைலும் தெரிந்த, பொய்க் கணக்குக்கு மறுக்கிற ஒருவர் வேண்டும் என்று நினைக்கிற முதலாளிகளும் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். அதுவரை பட்டனைச் சரியாக எண்ணுங்கள். தானியேலிடம் குற்றம் தேடியவர்களுக்கு அவன் வேலையில் ஒன்றும் அகப்படவில்லை. உங்கள் ஸ்டாக்கிலும் ஒன்றும் அகப்படக் கூடாது.

உபவாசத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், ஜெபக்குழு அம்மாக்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். உபவாசம் நல்லது. ஆனால் சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசியிடம் தூதன் உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுத் தூங்கினான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். விசுவாசம் பத்தலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் இளைத்துப்போயிருக்கிறீர்கள். நன்றாகச் சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

உங்கள் கணவர் சொன்னதை மன்னித்துவிடுங்கள். அது பயத்தில் வந்த பேச்சு, தவணைத் தேதி அவர் தலையிலும் ஓடுகிறது. ஒருநாள் பிள்ளைகள் தூங்கின பிறகு உட்கார வைத்து, அந்த ரிஜிஸ்டரில் என்ன எழுதியிருந்தது என்பதை முழுவதும் சொல்லுங்கள். அவருக்கு வெறும் "கையெழுத்து" என்றுதான் தெரிந்திருக்கும். யாருடைய ராத்திரிகள் அதில் காணாமல் போயிருந்தன என்று தெரியாது.

அப்புறம் அந்தப் பெண். நீங்கள் டேலி சொல்லிக்கொடுத்தவள். அவளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் உங்கள் எழுத்து அழுத்தமாகிவிட்டது, பேனா தாளில் பதிந்திருக்கிறது. புரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அடுத்த ஆடிட்டுக்கு அந்த ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு யாருடைய மேஜைக்குப் போவார்கள்? நீங்கள் உட்கார்ந்த அதே நாற்காலியில், உங்களை விடச் சின்ன வயதில், உங்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்து பயந்திருக்கிற ஒருத்தி. அவளுக்காக ஜெபிக்க இப்போது முடியாவிட்டால் பரவாயில்லை. கேன்டீனில் பார்த்தால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். ஒருநாள் அவளுக்கு வந்து பேச ஆள் வேண்டியிருக்கும்.

ஜெபிக்க வார்த்தை வராததற்குச் சங்கீதம் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம், பஸ்ஸில் போகும்போது படித்துவிடலாம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கும். இப்படிக் கேட்பதற்கு வேதத்திலேயே இடம் வைத்திருக்கிறார். கடைசி இரண்டு வசனம் பாட்டாக மாறும். அங்கே வரை உங்களால் போக முடியாவிட்டால் முதல் இரண்டோடு புத்தகத்தை மூடிவிடுங்கள், மிச்சத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

கடிதத்தில் பெயர் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். சரி, இருக்கட்டும். காலை ஜெபத்தில் "ஸ்டோரில் பட்டன் எண்ணுகிற என் தங்கச்சி" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு இடம் அமைந்ததும், அமையாவிட்டாலும், ஒரு கார்டு போடுங்கள்.

அன்புடன்,
அக்கா