ஆஃப்-ரோடு பிக்கப் வாங்கலாமா? வாசகர் கேள்வி-பதில்

(கடன் நிறுவனங்களுக்காகப் பல வருடம் வாகன மதிப்பீடு செய்தவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. எலக்ட்ரிகல் ஒப்பந்த வேலை செய்கிறேன். இப்போது ஓட்டுவது பழைய செடான், கடன் எதுவும் இல்லை. ஆஃப்-ரோடு பிக்கப் (கரடுமுரடான பாதையிலும் போகும், பின்னால் சரக்குத் தொட்டி உள்ள வண்டி) மீது ரொம்ப நாளாக ஆசை. மாதத்தில் ஒரு தடவையாவது நண்பர்களோடு மலைப்பாதைக்குப் போவேன், கேபிள் சுருள்களையும் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் விலை எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கிறது. ஏழு வருடக் கடனில் எடுத்தால் தவணை தாங்கும் என்கிறார் விற்பனையாளர். மனைவியோ, "கணக்குப் போட்டுக் காட்டு, அப்புறம் பேசலாம்" என்கிறாள். வாங்கலாமா?

பதில்: கணக்கு கேட்டவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். புது வண்டியும் ஏழு வருடக் கடனும் சேர்ந்து உங்களுக்குச் சரிப்படாது. பிக்கப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கடன். தொகை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம், குறையும் நிலுவை மீது (அடைக்க அடைக்கக் குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி). ஐந்து வருடக் கடன் என்றால் மாதத் தவணை 2.12. ஏழு வருடம் என்றால் 1.66. பார்க்க இதமாகத்தான் இருக்கிறது. மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள்: ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 127 கட்டி முடிப்பீர்கள், ஏழு வருடத்தில் 139. இந்தப் பன்னிரண்டைக்கூட விட்டுவிடலாம். எனக்குக் கவலை மூன்றாவது வருடக் கடைசி பற்றி. அன்றைக்கு ஐந்து வருடக் கடனில் 46 பாக்கி நிற்கும், ஏழு வருடக் கடனில் 65-க்கு மேல் நிற்கும். அந்த நேரம் பார்த்துத் தொழிலில் ஒரு சுணக்கம், வண்டியை விற்றுவிடலாம் என்று போகிறீர்கள், சந்தையில் 60-க்குத்தான் கேட்கிறார்கள் என்றால்? வண்டியையும் கொடுத்து, கையிலிருந்து 5-ம் போட்டுக் கடனை அடைக்க வேண்டும். நான் மதிப்பிடப் போன வண்டிகளில் இப்படி மாட்டியவை நிறைய. சொந்தக்காரரிடம் தவணை எவ்வளவு என்று கேட்டால் டக்கென்று சொல்வார். பாக்கி எவ்வளவு என்றால் போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுவார்.

இன்னொன்று. வட்டி 10 சதவீதம் என்று யாராவது சொன்னால், "குறையும் நிலுவைக்கா, ஃபிளாட்டா?" என்று கேளுங்கள். ஃபிளாட் 10 சதவீதத்தில் ஐந்து வருடக் கடன் என்றால் உண்மையான வட்டி 17 சதவீதத்தைத் தாண்டிவிடும். நீங்கள் அடைத்துவிட்ட அசலுக்கும் கடைசி மாதம்வரை வட்டி வாங்குவதால் வரும் வித்தியாசம் இது.

அடுத்தது வண்டி. 'ஆஃப்-ரோடு' என்று பட்டை ஒட்டி வரும் உயர்ந்த ரகத்துக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் எதற்குப் போகிறது தெரியுமா? பெரும்பகுதி ஷாக் அப்சார்பர், அகலமான சக்கர அமைப்பு, பெரிய டயர், அடிப்பகுதி தகடு, உள்ளலங்காரம். கரடுமுரடான தரையில் வேகமாகப் போவதற்கான சாமான்கள் இவை. ஃபோர்டு ரேஞ்சரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சாதா டபுள் கேப் (நான்கு கதவு, இரண்டு வரிசை இருக்கை உள்ளது) பல நாடுகளில் 3,500 கிலோ டிரெய்லரை இழுக்கும், ஒரு டன்னை ஒட்டிச் சுமக்கும். அதன் ஆஃப்-ரோடு ரகமான ரேப்டரில் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) போய்க் காயில் ஸ்பிரிங் (சுருள் வில்) வந்துவிட்டது. மணல்மேட்டில் அது ஓடுகிற ஓட்டம் அபாரம்தான். ஆனால் இழுவை 2,500 கிலோவாகக் குறைகிறது, சுமக்கும் எடையும் சில நூறு கிலோ குறைகிறது. பணம் அதிகம், சுமை குறைவு! கேபிள் சுருள் ஏற்றப் போகிறவருக்கு இது ஆகுமா என்று யோசியுங்கள்.

நண்பர்களோடு போகிற மலைப்பாதைக்கு என்ன வேண்டும்? லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்ட), பின் டிஃபரன்ஷியல் லாக் (பின்சக்கரம் இரண்டையும் ஒன்றாகச் சுழல வைப்பது), நல்ல ஆல்-டெரெயின் டயர், டயர் காற்றைக் குறைத்து மறுபடி ஏற்ற ஒரு சின்னக் கம்பிரஸர், சேற்றில் மாட்டினால் கீழே போட ஒரு ஜோடிப் பலகை. முதல் இரண்டும் பல சாதா ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்களிலேயே உண்டு. மீதி மூன்றையும் தனியாக வாங்கிக்கொள்ளலாம். ஏறும் இடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது உங்களைக் காப்பாற்றுவது லாக். பக்கவாட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் அந்த இடத்தில் எதுவும் செய்யாது.

ஓட்டும் செலவையும் சேருங்கள். செடான் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடித்தால், பெரிய டயர் போட்ட பிக்கப் 12 குடிப்பது சாதாரணம். வருடம் 15,000 கிலோமீட்டர் ஓடினால் கூடுதலாக 600 லிட்டர். உங்கள் ஊர் எரிபொருள் விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். டயர் நான்கும் ஒரே நேரத்தில் தேயும், ஸ்பேரும் அதே அளவு என்றால் ஐந்து. காப்பீடு வண்டி விலையோடு சேர்ந்து ஏறும்.

ஆகவே என் யோசனை: மூன்று, நான்கு வருடம் ஓடிய சாதா ஃபோர் வீல் டிரைவ் டபுள் கேப். விலை வீழ்ச்சியின் பெரிய பங்கை முதல் ஆள் சுமந்திருப்பார். செடானை விற்ற பணம் முன்பணம். கடன் ஐந்து வருடத்துக்குள். இதற்குள் அடங்காவிட்டால் செடானையே ஓட்டுங்கள், மலைக்கு வாடகை வண்டி எடுங்கள். மாதம் ஒரு நாள் பயன்படும் லோ ரேஞ்சுக்காக மீதி நாளெல்லாம் எரிபொருள் கொட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கேள்வி: இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் விலை இறங்குமா?

பதில்: புது வண்டியின் பட்டியல் விலை இறங்குவது அபூர்வம். இறங்குவது மற்றவைதான்: பழைய மாடலைக் காலி செய்யத் தரும் தள்ளுபடி, கடன் வட்டி, காத்திருப்புப் பட்டியலின் நீளம். 2021-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது புது வண்டி கிடைக்காமல், ஒன்றிரண்டு வருடம் ஓடிய வண்டி புது விலையை நெருங்கி விற்ற கூத்தெல்லாம் நடந்தது. அப்போது பதறிப்போய் வாங்கியவர்கள் உச்ச விலையில் வாங்கினார்கள். இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். விலை ஏறியிருக்கும்போது நீங்கள் கொடுக்கும் பழைய வண்டிக்கும் நல்ல விலைதான். கையில் கொடுக்க வண்டி இருப்பவருக்கு உயர்ந்த சந்தையின் வலி பாதி. முதல் வண்டி வாங்குகிறவருக்குத்தான் முழு அடி, அவர் காத்திருக்கலாம். புது மாடல் வரப்போகிறது என்ற பேச்சு இருந்தால் எல்லாருமே காத்திருக்கலாம்.

கேள்வி: பழைய ஆஃப்-ரோடு பிக்கப் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன். "காட்டுக்கே போனதில்லை" என்கிறார் விற்பவர். எப்படி நம்புவது?

பதில்: அவரிடம் கேட்பதை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள். கையில் டார்ச்சும் உடுத்தப் பழைய சட்டையும் இருக்கட்டும்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். எப்போதும் சுருளுக்குள்ளேயே கிடக்கும் அந்தக் கடைசி முழ நீளத்தில் மண் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால், தண்ணீர் அந்த உயரம்வரை உள்ளே வந்திருக்கிறது. கம்பளத்தைத் துவைக்கிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். அப்புறம் வண்டிக்கு அடியில் படுங்கள். சேஸிஸ் சட்டத்தின் மேல்பக்கம், கண்ணுக்குத் தெரியாத அந்த விளிம்பில் விரலை ஓட்டுங்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலும் அங்கே காய்ந்த சேறு தங்கும். அடிப்பகுதி முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட் என்றால் எனக்குச் சந்தேகம் வரும். கீறலை மறைத்தார்களா, துருவை மறைத்தார்களா?

முக்கியமானது ஆக்ஸில் எண்ணெய். ஓடிச் சூடான ஆக்ஸில் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். காற்று போய்வர வைத்திருக்கும் பிரீதர் துளை அடைத்திருந்தாலோ, தண்ணீருக்குக் கீழே இருந்தாலோ, சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். டிஃபரன்ஷியல் அடைப்பானைத் திறந்து கொஞ்சம் எண்ணெய் எடுக்கச் சொல்லுங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, பேரிங்கும் பல்சக்கரமும் அரிக்க ஆரம்பித்திருக்கும். அடைப்பானைத் திறக்க விற்பவர் சம்மதிக்கவில்லையா, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தாலோ, இடதும் வலதும் ஒத்துப்போகாவிட்டாலோ, அதிகச் சுமையிலோ குதித்து விழுந்ததிலோ சட்டம் வளைந்திருக்கலாம். இதைச் சரியாக நிமிர்த்துவது சுலபமில்லை, விலகிக்கொள்வதுதான் நல்லது.

கடைசியாக ஒரு வேடிக்கை. காட்டுக்கே போகாத வண்டியிலும் கோளாறு உண்டு. ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் லோ ரேஞ்சில்) போட்டால் கியர் விழாது, பயன்படுத்தாமலே இறுகியிருக்கும். மாதம் ஒரு முறையாவது கொஞ்ச தூரம் நான்கு சக்கரத்திலும் ஓட்டும்படி சில கையேடுகளே சொல்வது இதனால்தான். மண்தரையில் ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் சாதா கியரில்), ஃபோர் லோ, லாக் மூன்றையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிடிப்பான தார்ச்சாலையில் சோதிக்க வேண்டாம், முறுக்கு விழுந்து வேறு எதையாவது உடைப்பீர்கள்.

கேள்வி: சாதா பிக்கப் வாங்கி லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் சாமான்), பெரிய டயர் நானே போட்டுக்கொண்டால் மலிவுதானே?

பதில்: டயர்வரை மலிவு. அதற்கு மேல் போனால் கணக்கு கைமீறும். 31 அங்குல டயரை 33 ஆக்கினால் ஒரு சுற்றுக்கு 6 சதவீதம் அதிக தூரம் போகும், ஆகவே ஸ்பீடோமீட்டர் 6 சதவீதம் குறைத்துக் காட்டும், இழுவை மந்தமாகும், பிரேக்குக்கும் வேலை கூடும். உயரம் தூக்கினால் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, அதன் மூட்டை மூடும் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். வாரன்டி போகலாம். காப்பீட்டில் சொல்லாமல் மாற்றியிருந்தால் இழப்பீடு கேட்கும்போது அதைச் சொல்லியே கை விரிக்கலாம். விற்கும்போது நீங்கள் போட்ட சாமானுக்கு யாரும் விலை தர மாட்டார்கள், சாதா நிலையில் இருக்கும் வண்டிக்குத்தான் ஆள் அதிகம். ஆகவே கழற்றிய ஸ்பிரிங்கையும் டயரையும் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: பிக்கப் என்றால் தொழில் வாகனம், வரி மிச்சம் என்கிறார்களே?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும், அதோடு விதி நடுவில் மாறவும் மாறும். பிரிட்டனில் டபுள் கேப் பிக்கப்களை 2025 ஏப்ரல் முதல் வருமான வரிக்குக் காராகவே நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். முன்பே எடுத்தவர்களுக்குச் சரக்கு வண்டி என்ற பழைய கணக்கு சில காலம் தொடர்கிறது, புதிதாக எடுப்பவர்களுக்கு அந்தச் சலுகை போய்விட்டது. வரி மிச்சம் இல்லாமலே தாங்குகிற வண்டியாக இருக்கட்டும், மிச்சம் வந்தால் லாபம். தொழில் ஓட்டத்துக்கு ஒரு கிலோமீட்டர் குறிப்பேடு வைத்து எழுதுங்கள், பிறகு கேட்பார்கள்.

கேள்வி: என் கணவர் ரேப்டர் மாதிரி ஒன்று வாங்கியே தீருவேன் என்கிறார். எப்படித் தடுப்பது? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: தடுக்காதீர்கள் அம்மா, ஓட்ட விடுங்கள். முதலில் அதே மாதிரி வண்டியை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துத் தினசரி வேலைக்கு ஓட்டச் சொல்லுங்கள். நெருக்கமான பார்க்கிங்கில் அந்த அகலத்தைத் திருப்பி நிறுத்துவது யார் என்று அப்போது தெரியும். அப்புறம், வரப்போகும் தவணையோடு எரிபொருள், டயர், காப்பீட்டுக் கூடுதலையும் சேர்த்து ஆறு மாதம் தனிக் கணக்கில் போடட்டும். ஒரு மாதம்கூடத் தவறாமல் போட்டுவிட்டார், வீட்டுச் செலவில் இடி விழவில்லை, மற்றக் கடன் இல்லை என்றால் வாங்கிக்கொள்ளட்டும். அது பொழுதுபோக்குச் செலவு என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள், முதலீடு என்று அவர் வாதாட வேண்டாம். சேர்ந்த பணம் முன்பணத்தில் போகும். கடன் ஐந்து வருடத்தைத் தாண்டக் கூடாது என்பதை மட்டும் ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். அங்கே போய் உட்கார்ந்த பிறகு உங்கள் பேச்சு எடுபடாது.