வாசகர் கேள்வி - பதில்: கல்யாண போட்டோவுக்கு யாரைப் பிடிப்பது?

மகளுக்கு வருகிற தை மாதம் திண்டுக்கல்லில் கல்யாணம். மூன்று பேரிடம் விசாரித்தோம். ஒருவர் 70,000 ரூபாய் என்கிறார், ஒருவர் ஒன்றரை லட்சம், இன்னொருவர் இரண்டரை லட்சம். மூவரின் இன்ஸ்டாகிராம் பக்கமும் நன்றாகத்தான் இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது? - ஒரு வாசகர், திண்டுக்கல்

இன்ஸ்டாகிராமை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே இருப்பதெல்லாம் பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கியெடுத்த படங்கள். மூன்று பேரிடமும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "சமீபத்தில் எடுத்த ஏதாவது ஒரு கல்யாணத்தின் எல்லாப் படத்தையும், வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தது கொடுத்தபடியே காட்டுங்கள்." அனுப்ப மாட்டார்கள், அடுத்த வீட்டுப் படம் என்பதால் அது நியாயம்தான், ஸ்டுடியோவுக்கே போய் உட்கார்ந்து பாருங்கள். விடிகாலை முகூர்த்தமாக, மண்டபத்துக்குள் நடந்த கல்யாணமாக இருந்தால் இன்னும் நல்லது. தோட்டத்தில் சாயங்கால வெயிலில் யார் எடுத்தாலும் ஓரளவு அழகாகத்தான் வரும்.

முதலில் தாலி கட்டும் இடத்துக்குப் போங்கள். கெட்டிமேளம் கொட்டியதும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து அட்சதையும் கையுமாக முன்னால் வருவார்கள், பாதிப் பேர் கையில் செல்போன் வேறு இருக்கும், அந்தச் சில நொடிகளில் பெண்ணின் முகம் தெரிகிறதா, மாப்பிள்ளையின் கை தெரிகிறதா, நாத்தனார் முடிச்சு போடுவது தெரிகிறதா என்று பாருங்கள். முகம் முன்னாலிருந்து, முடிச்சு பின்னாலிருந்து. ஒரே ஆளால் இரண்டு பக்கமும் நிற்க முடியாது, அதனால் மேடையில் எத்தனை கேமரா நிற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் வரவேற்புப் படங்கள். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைத்த கல்யாணம் என்றால் முகமெல்லாம் ஊதா அடித்திருக்கிறதா, நெற்றியில் கோடு கோடாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு 100 தடவை மினுக்கும், ஷட்டர் வேகத்தை அதற்கேற்ப வைக்கத் தெரியாதவர் எடுத்தால் இந்தக் கோடு வந்துவிடும். கடைசியாகப் பந்தி. சாப்பிடுகிற பெரியவர்களை வாய் கோணாமல் எடுத்திருக்கிறாரா? அதில் பொறுமை தெரிந்துவிடும்.

அடுத்து, நீங்கள் பேசுகிற ஆள்தான் வருவாரா என்று கேளுங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் ஒரே தேதிக்கு இரண்டு மூன்று கல்யாணம் ஒத்துக்கொண்டு வெளியாட்களை அனுப்புகிற ஸ்டுடியோக்கள் உண்டு. வருகிற வெளியாள் திறமைசாலியாகவும் இருக்கலாம், ஆனால் அவர் எடுத்த படத்தை நீங்கள் பார்க்கவில்லையே. யார் வருவார் என்பதைப் பெயரோடு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, கேமராவில் இரண்டு கார்டு போட்டு, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிகிற மாதிரி வைப்பார்களா என்றும் கேளுங்கள். ஒரு கார்டு கெட்டுப்போனால் தாலி கட்டியதைத் திரும்பவா எடுக்க முடியும்? இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்பவர் பொறுப்பான ஆள்.

விலைக்கு வருவோம். மூன்று தொகையையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. எத்தனை பேர் வருவார்கள், எத்தனை நிகழ்ச்சி, வீடியோ உண்டா, ஆல்பத்தில் எத்தனை ஷீட், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று மூவரிடமும் ஒரே மாதிரி கேட்டு எழுதி வாங்கினால், 70,000 ஒரு லட்சத்தைத் தாண்டவும் கூடும். ஏறுகிற இடம் பெரும்பாலும் ஆல்பம்தான். 30 ஷீட் என்று பேசியிருப்பீர்கள், ஒரு ஷீட்டுக்கு நாலைந்து படம் வைத்தால் 150 படம் கொள்ளும், வீட்டில் எல்லாரும் சேர்ந்து 400 படம் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். கூடுதல் ஷீட் ஒன்றுக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். மண்டபமும் முகூர்த்த நேரமும் உங்கள் கல்யாணம் போலவே இருந்த ஒன்றை நன்றாக எடுத்துக் காட்டியவர் ஒன்றரை லட்சக்காரர் என்றால் அவரையே பிடியுங்கள், 70,000 ரூபாய்க்காரர் என்றால் தயங்காமல் அவரைப் பிடியுங்கள்.

போஸ் கொடுக்காமல் இயல்பாக எடுக்கிற கேண்டிட் படம் மட்டும் போதும் என்கிறேன் நான். ட்ரெடிஷனல் இல்லாமல் எப்படி என்கிறார் வருங்கால மாமியார். - ஒரு வாசகி, ஈரோடு

இரண்டும் வையுங்கள். மேடைக்கு வந்து வரிசையாக நின்று எடுத்துக்கொள்கிற படம் உங்களுக்குச் சலிப்பாக இருக்கலாம், ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்த பெரியம்மா பிறகு கேட்கப்போவது அந்தப் படத்தைத்தான். ஆனால் இரண்டுக்கும் தனித்தனி டீம் வேண்டாம். ஒருவர் குறுக்கே இன்னொருவர் வந்து மேடையிலேயே சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் மாநிறத்துக்கும் சற்றுக் கறுப்பு. அக்கா கல்யாண ஆல்பத்தில் அவளை வேறு யாரோ மாதிரி வெளுப்பாக்கிவிட்டார்கள். எனக்கு அது வேண்டாம், எப்படிச் சொல்வது? - ஒரு வாசகி, தூத்துக்குடி

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, "என் நிறத்தை மாற்றக் கூடாது" என்று நேராகச் சொல்லுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, உங்கள் முகம், உங்கள் கல்யாணம். "கலர் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தாத்தான் வீட்டில் திருப்தியா இருக்கும்மா" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். அவர் எடுத்த பழைய படங்களில் பெண்ணின் முகத்தையும் கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், முகம் வெளுத்து கை மட்டும் சொந்த நிறத்தில் இருந்தால் எடிட்டிங்கிலோ மேக்கப்பிலோ வேலை நடந்திருக்கிறது. மேக்கப் போடுகிறவரிடமும் இதையே சொல்லுங்கள், அவர் இரண்டு ஷேடு கூட்டிப் போட்டுவிட்டால் எந்த கேமராவாலும் உங்கள் நிறத்தை மீட்க முடியாது. கறுப்பு நிறத்தை நன்றாக எடுக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஃபிளாஷை முகத்துக்கு நேரே அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து மெதுவாக விழவைப்பார்கள், அப்போதுதான் நெற்றி பளபளக்காமல் தோலின் நிஜமான மினுமினுப்பு தெரியும்.

கல்யாணமாகி எட்டு மாதம். 80 சதவீதப் பணம் கொடுத்தாயிற்று. ஆல்பம் வரவில்லை, ஆனால் எங்கள் படம் ஸ்டுடியோவின் இணையப் பக்கத்தில் விளம்பரமாக ஓடுகிறது. - ஒரு வாசகர், சேலம்

ஒரு கேள்வி: ஆல்பத்துக்கான படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டீர்களா? பல வீடுகளில் அங்கேதான் மாதக்கணக்கில் நிற்கும். கொடுத்துவிட்டீர்கள் என்றால், ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு நேரில் போய் எல்லாப் படங்களின் சாப்ட் காப்பியையும் முதலில் வாங்குங்கள். படம் கையில் இருந்தால் ஆல்பத்தை வேறு எங்கும் போட்டுக்கொள்ளலாம்.

விளம்பர விஷயத்தில், 1957-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் தவிர. அந்தத் "தவிர"தான் முக்கியம். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து, படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ஏதாவது வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தப் படங்களை நீக்கச் சொல்லி எழுதுங்கள். போனில் பேசாமல் எழுத்தில், ஆல்பத்துக்கும் ஒரு தேதி குறித்து. அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, ஆனால் பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். பணம் கொடுத்த ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். மிச்சமிருக்கிற 20 சதவீதத்தை ஆல்பம் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.