கேள்வி – பதில்: சீகர் வீலரின் கோதுமை வயல்

கனடாவின் பிரெய்ரி சமவெளி உழவர்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: கோதுமைக்கு உலகப் பரிசு வாங்கிய சீகர் வீலர் யார்? விவசாயக் குடும்பத்தில் பிறந்தவரா? (வாசகர், பொள்ளாச்சி)

இல்லை. 1868-ல் இங்கிலாந்தின் வைட் தீவில், கடலோர ஊரொன்றில் பிறந்தவர். 1885-ல், பதினேழு வயதில், கனடாவுக்கு வந்தார். முதலில் சஸ்கடூன் அருகே நிலம் எடுத்தார். 1890-களின் கடைசியில் அங்கிருந்து வடக்கே ரோஸ்தர்ன் பக்கம் போய், 'மேப்பிள் குரோவ்' என்ற பண்ணையை உருவாக்கினார். மனைவி லில்லியனோடு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியதும், பரிசுக் கோதுமையை விளைவித்ததும் இதே பண்ணையில்தான். 1911-ல் நியூயார்க் கண்காட்சியில் அவர் விளைவித்த 'மார்க்விஸ்' ரகக் கோதுமை முதலிடம் பெற்றது. பரிசு, தங்கக் காசாக 1,000 டாலர். அதன்பின் 1914, 1915, 1916, 1918 ஆண்டுகளிலும் அவரே வென்றார். 1961-ல், 93 வயதில், பசிபிக் கரையோர விக்டோரியாவில் காலமானார். ரோஸ்தர்ன் பண்ணையை கனடா அரசு தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்துள்ளது.

கேள்வி: பத்து டாலருக்கு 160 ஏக்கர் கொடுத்தார்களாமே, அது இலவச நிலம்தானே? (வாசகி, ஈரோடு)

காகிதத்தில் இலவசம். 1872-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி பத்து டாலர் பதிவுக் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர் உங்கள் பெயரில் பதிவாகும். ஆனால் பட்டா கைக்கு வர மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு மாதம் அங்கேயே குடியிருக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், குறிப்பிட்ட பரப்பை உழுது பயிரிட்டும் காட்ட வேண்டும். எருது அல்லது குதிரை, ஏர், விதை, முதல் விளைச்சல் வரும் வரைக்கும் சாப்பாடு என்று எல்லாச் செலவும் குடியேறியவர் தலையில்தான். பட்டா வாங்காமலே கைவிட்டுப் போனவர்கள் ஏராளம்.

புல் மண்டிய தரிசை உடைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. புல் செழித்து வளரும் மே, ஜூன் மாதங்களில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் மெல்லிசாகச் சீவி, புல்தரை தலைகீழாகப் படியும்படி புரட்டுவார்கள். அதன்மேல் உருளை ஓட்டி அமுக்குவார்கள். ஜூன் மழையில் வேர்கள் மக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் அதே புரளை (புரட்டிப் போட்ட புல்தரைப் பட்டையை) திருப்பிப் போட்டு, அடியிலிருந்து இன்னும் ஐந்து சென்டிமீட்டர் புது மண்ணை மேலே கொண்டு வருவார்கள். அடுத்த வசந்தத்தில் விதைப்பு.

அவசரக்காரர்கள் ஜூலை பாதிக்கு மேல் உடைத்தார்கள், அல்லது முதல் உழவையே ஆழமாக ஓட்டினார்கள். புல் மக்காது. புரளுக்கும் அடிமண்ணுக்கும் இடையே வெற்றிடம் நிற்கும், அடி ஈரம் மேலே ஏறாது. விதை முளைத்துவிடும், ஆனால் மூன்றாம் வாரமே பயிர் வாடத் தொடங்கும்.

கேள்வி: வீலரிடம் அப்படி என்ன விசேஷ விதை இருந்தது? (வாசகர், தேனி)

மார்க்விஸை அவர் உருவாக்கவில்லை. அது அரசு ஆராய்ச்சிப் பண்ணை தந்த ரகம், பலரும் பயிரிட்டார்கள். அவர் ஜெயித்தது தேர்வில். பரிசு மேசையில் நடுவர்கள் பார்த்தது பருமனை மட்டுமல்ல. ஒரே நிறம், ஒரே அளவு, வேற்று ரகக் கலப்போ களை விதையோ இல்லாத தூய்மை, இத்தனையும் சேர்ந்துதான் பரிசு. இவற்றை அறுவடைக்குப் பிறகு சல்லடையால் கொண்டுவர முடியாது.

அந்தக் காலக் கனடா விதை உற்பத்தியாளர்கள் பின்பற்றிய முறை இது. பயிர் பழுக்கும் நேரத்தில் வயலுக்குள் நடந்து, நேராக நிற்கிற, நோயில்லாத, சீராகப் பழுத்த செடிகளின் கதிர்களைக் கையால் கொய்ய வேண்டும். ஒவ்வொரு கதிரையும் தனித்தனியே கையால் கசக்கித் தூற்றி, தனி உறையில் வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஒரு கதிருக்கு ஒரு வரிசை. வரிசைக்குள் ஒரு செடி உயரத்திலோ நிறத்திலோ மாறுபட்டாலும் முழு வரிசையையும் கழித்துவிட வேண்டும். ஒற்றைச் செடியை மட்டும் பிடுங்கிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாமே என்று ஆசை வரும். கூடாது. கோதுமை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர் என்பதால், ஒரு நல்ல கதிரின் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். வேறுபாடு தெரிந்தால் தாய்க்கதிரிலேயே கலப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

பெருக்கக் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும். ஒரு கதிரில் 35 மணி. இடம் விட்டு விதைத்தால் செடிக்கு நூறு மணி தேறும். ஆக, ஒரு வரிசையில் 3,500 மணி, எடை நூறு கிராமுக்குச் சற்று மேல். அதை அடுத்த ஆண்டும் இடம் விட்டு விதைத்தால் சுமார் பத்து கிலோ. அன்றைய வழக்கம் ஏக்கருக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை புஷல் விதை (கோதுமையில் ஒரு புஷல் 27 கிலோ). அந்தப் பத்து கிலோ கால் ஏக்கரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். முழு வயலுக்கு விதை சேர இன்னும் ஓரிரு ஆண்டு பொறுக்க வேண்டும். இதை ஆண்டுதோறும் விடாமல் செய்தவர் என்பதே வீலருடைய பெருமை.

பிழை வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, வயல் ஓரத்திலோ பயிர் கலைந்த இடத்திலோ நிற்கும் பெரிய கதிரைக் கொய்வது. அது தாராளமான இடமும் சத்தும் கிடைத்ததால் வந்த பருமன், அடுத்த தலைமுறைக்கு வராது. நெருக்கமாக நிற்கும் பயிருக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு, கதிரடிக்கும் இயந்திரம். அது பண்ணை பண்ணையாகச் சுற்றி வரும், முந்தைய வயலின் மணிகள் உள்ளே தங்கியிருக்கும். முதலில் விழும் சில மூட்டைகளை விதைக்கு எடுக்கவே கூடாது.

கேள்வி: மார்க்விஸில் இந்தியக் கோதுமையின் இரத்தம் உண்டு என்பது உண்மையா? (வாசகர், சென்னை)

உண்மை. தாய் 'ஹார்ட் ரெட் கல்கத்தா' என்ற இந்தியக் கோதுமை, தந்தை 'ரெட் ஃபைஃப்'. ரெட் ஃபைஃப் மாவு அருமையானது, ஆனால் பழுக்கத் தாமதமாகும். பால் முற்றாத மணியை உறைபனி பிடித்தால் சுருங்கிப்போய்த் தரம் இறங்கிவிடும். கல்கத்தாக் கோதுமை விளைச்சலில் சுமார், ஆனால் சீக்கிரம் பழுக்கும். 1892-ல் நடந்த இந்தக் கலப்பின் வழித்தோன்றல்களிலிருந்து மார்க்விஸைப் பிரித்தெடுத்தவர் ஒட்டாவா அரசு ஆராய்ச்சிப் பண்ணையின் சார்ல்ஸ் சாண்டர்ஸ். ரெட் ஃபைஃபைவிட ஏறத்தாழ ஒரு வாரம் முந்திப் பழுத்தது. குளிர் முந்தி வரும் ரோஸ்தர்ன் போன்ற இடத்தில் அந்த ஒரு வாரம்தான் விளைச்சலைக் காப்பாற்றியது.

மாவாக்க மணி போதாத தொடக்க ஆண்டுகளில் சாண்டர்ஸ் கோதுமையை மென்றே தரம் பார்த்தார். ஒரு பிடி மணியை மென்றால் மாவுச்சத்து கரைந்துபோய்ப் பசை மட்டும் வாயில் நிற்கும். இழுத்தால் அறுபடாமல் நீள்கிற பசை, ரொட்டி நன்றாக உப்பும் என்பதற்கு அடையாளம்.

கேள்வி: கரிப்பூட்டை நோய்க்கு அப்போது என்ன செய்தார்கள்? (வாசகர், விருதுநகர்)

ஒரு பவுண்டு ஃபார்மலினை 40 கேலன் (சுமார் 180 லிட்டர்) தண்ணீரில் கலந்து, விதைக் குவியலில் தெளித்துக் கிளறி, சாக்குப் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் மூடி வைத்து, உலர்த்தி உடனே விதைத்தார்கள். கரைசல் கடுமையானாலோ, ஈர விதையை நாள்கணக்கில் போட்டு வைத்தாலோ முளைப்புத்திறன் செத்துவிடும். ஃபார்மலின் உடலுக்குப் பெருங்கேடு. இதை வரலாறாக மட்டும் படியுங்கள், செய்து பார்க்க வேண்டாம்.

கேள்வி: 1930-களில் மண் ஏன் பறந்தது? (வாசகி, மதுரை)

வறட்சி ஒரு காரணம், உழவு முறை இன்னொரு காரணம். ஈரம் சேர்க்க ஓராண்டு நிலத்தைத் தரிசாகப் போட்டு, களை முளைக்கும்போதெல்லாம் உழுது மேல்மண்ணைப் பொடியாக்கினார்கள். மழை பெய்த ஆண்டுகளில் அது பலன் தந்தது. மழை பொய்த்ததும் பொடிமண்ணைக் காற்று அள்ளிப்போனது. அறுத்த தாளை மேலேயே விட்டு, களையின் வேரை மட்டும் அடியில் அறுக்கும் அகலக் கத்திக் கலப்பையும், பயிரும் தரிசும் மாறி மாறி வரும் பட்டை முறையும்தான் அதைத் தணித்தன. விலையும் கைவிட்டது. 1919-ல் புஷலுக்கு இரண்டு டாலருக்கு மேல் விற்ற கோதுமை, 1932 கடைசியில் நாற்பது சென்ட்டுக்கும் கீழே போனது.

கேள்வி: இத்தனையிலும் வீட்டுப் பெண்களுக்கு என்ன இடம்? (வாசகி, தஞ்சாவூர்)

உழைப்பில் சரிபாதிக்கும் மேல், பத்திரத்தில் ஒன்றுமில்லை. மணமான பெண் தன் பெயரில் இலவச நிலம் கேட்க முடியாது. பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றும் விதவை போன்ற குடும்பத் தலைவிகளுக்கு மட்டுமே அந்த உரிமை இருந்தது. கதிரடிப்பு நாட்களில் இருபது பேர் கொண்ட கூட்டத்துக்கு நாளுக்கு ஐந்து வேளை சமைத்தது அவர்கள்தான்: காலை, மதியம், இரவு என்று மூன்று சாப்பாடு, நடுவில் இரண்டு முறை வயலுக்கே போகும் சிற்றுண்டி. மழை வந்து கதிரடிப்பு தடைபட்டாலும் கூட்டம் வீட்டோடு தங்கும், அடுப்பு அணையாது. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் மளிகைக் கடனை அடைத்தது பெரும்பாலும் முட்டையும் பாலாடையும் விற்ற காசு. அந்தப் பெண்ணைக் கேட்காமலே கணவர் வீட்டையும் நிலத்தையும் விற்கலாம் என்ற நிலையை, பிரெய்ரி மாகாணங்களில் ஒன்றான ஆல்பர்ட்டாவில் 1917-ஆம் ஆண்டுச் சட்டம்தான் மாற்றியது. அதன் பிறகு, குடியிருக்கும் வீட்டை விற்க மனைவியின் சம்மதம் கட்டாயமானது.