ஒரு மானைத் தேடி ஆறு பேர்

வணக்கம் அண்ணா,

நான் அமெரிக்காவில் விஸ்கான்சினுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. க்ரீன் பே பக்கம் ஒரு காகித ஆலையில் வேலை. போன மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் வெண்வால் மான் வேட்டைக்கு வில்லோடு போகிறவர்களின் சிநேகத்தைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். எனக்கு அந்த வரி புரியவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் நவம்பர் முதல் வாரத்தில் தன் வேட்டைக் கேம்ப்புக்கு வரச்சொல்லி அழைத்திருக்கிறார். விசாரித்தால், ஆளுக்கொரு மரத்தில் ஏறி நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்களாம். தனித்தனியாக உட்காருவதற்கு எதற்குக் கூட்டமாகப் போக வேண்டும்? இதில் நட்பு எங்கே வருகிறது? நான் ஆட்டுக்கறி சாப்பிடுகிறவன்தான், ஆனாலும் ஒரு மானைக் கொல்வதில் சேர்ந்து சந்தோஷப்பட முடியுமா என்று தெரியவில்லை. போகலாமா, வேண்டாமா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

போங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தேங்க்ஸ்கிவிங் பண்டிகையை ஒட்டி உங்கள் ஆலையில் பாதிப்பேர் காணாமல் போவார்களே, அது ஒன்பது நாள் துப்பாக்கி சீசன். ஊரே ஆரஞ்சு சட்டை மாட்டிக்கொண்டு திருவிழாவுக்குக் கிளம்புவதுபோல் கிளம்பும். வில் சீசன் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை சத்தமில்லாமல் போகிற ஒன்று. துப்பாக்கிக்கு நூறு கஜம் ஒரு தூரமே இல்லை. வில்லுக்கு மான் இருபது, இருபத்தைந்து கஜத்துக்குள் வந்தாக வேண்டும், அதன் கண்ணிமை அசைவது தெரிகிற தூரம். இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அது வராது. அதனால்தான் பொழுது விடியும் முன்பே இருட்டில் தனியாக நடந்துபோய், பதினைந்து இருபது அடி உயரத்தில் கட்டிய பரணில் ஏறி உட்காருகிறார்கள். ட்ரீ ஸ்டாண்ட் என்பார்கள். தினைப்புனத்துப் பரணைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், கிட்டத்தட்ட அதுதான், ஒரு ஆள் மட்டும் உட்காரும் அளவுக்கு.

எல்லாமே காற்றை வைத்துத்தான். மானுக்குக் கண்ணைவிட மூக்கு பெரிது. என் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் எப்போதும் சட்டைப் பையில் மில்க்வீட் காய் ஒன்று வைத்திருப்பார், நம் எருக்குக்கு உறவான செடி. பரணில் உட்கார்ந்ததும் காயைப் பிரித்து ஒரே ஒரு பஞ்சை விரலால் எடுத்து விடுவார். நாம் ஊரில் எருக்கம்பஞ்சை ஊதிவிட்டு விளையாடியது போலவே அது மிதந்து போகும், நேராகப் போய்க்கொண்டிருந்தது நாற்பது கஜம் தாண்டியதும் சட்டென்று பள்ளத்துக்குள் இறங்கித் திரும்பும். நம் வாடையும் அந்த வழியில்தான் போகும், அந்தத் திருப்பத்தில் மான் நின்றால் கதை முடிந்தது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், ஒரு வார்த்தை பேசாமல், பக்கத்து மரத்திலிருந்து கையைக் காட்டியே.

சரி, நட்புக்கு வருகிறேன். அம்பு பட்ட மான் பெரும்பாலும் நின்ற இடத்தில் விழாது. இரண்டு நுரையீரலிலும் சரியாகப் பாய்ந்தால்கூட அறுபது, எழுபது கஜம் ஓடித்தான் விழும். அதனால் அம்பு விட்டபிறகு அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், பின்னாலேயே போனால் அது இன்னும் தூரம் ஓடும். அந்த அரைமணியில்தான் போனை எடுத்து நண்பர்களுக்குச் செய்தி போடுவார்கள். அந்தச் செய்தி வந்தவுடன், எங்கே உட்கார்ந்திருந்தாலும், எவ்வளவு நல்ல காற்று அடித்தாலும், மற்றவர்கள் இறங்கி வந்துவிடுவார்கள்.

மூன்று வருடம் முன்பு, நவம்பர் எட்டாம் தேதி, சாயங்காலம் நாலரை மணி இருக்கும், வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நான் விட்ட அம்பு ஒரு கையகலம் பின்னால் பட்டுவிட்டது. அவசரப்பட்டேன், அவ்வளவுதான். முதலில் வந்து சேர்ந்தவர் அதே பண்ணைக்காரர். தரையில் கிடந்த அம்பைத் தலைவிளக்கில் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், என்னிடம் கொடுத்தார். இறகில் பச்சையும் பழுப்புமாக ஏதோ ஒட்டியிருந்தது, புளித்த வாடை. நுரையீரலில் பட்டிருந்தால் இளஞ்சிவப்பாக நுரையோடு ரத்தம் இருக்கும், ஈரல் என்றால் கருஞ்சிவப்பு. இது குடல். "காலையில் பார்ப்போம்" என்றார். குடலில் அடிபட்ட மானை உடனே துரத்தக் கூடாது, எட்டு மணி நேரமாவது விட வேண்டும். விட்டால் பக்கத்திலேயே படுத்துவிடும், துரத்தினால் கிடைக்கவே கிடைக்காது. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மான் எங்கோ குளிரில் படுத்திருக்கிறது என்ற நினைப்பைத் தவிர வேறு ஒன்றும் ஓடவில்லை.

காலை ஏழு மணிக்கு ஆறு பேர் வந்து நின்றார்கள். இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நவம்பர் முதல் இரண்டு வாரம் மான்கள் இணைசேரும் காலம், ஆண் மான்கள் பகலிலேயே திரியும். வருடம் முழுக்க லீவைச் சேர்த்துவைத்து இந்த நாட்களுக்காகவே எடுப்பார்கள். அதிலும் அன்றைக்கு உறைபனி, காற்றே இல்லை, பரணில் உட்கார அதைவிட நல்ல காலை கிடைக்காது. அந்தக் காலையை விட்டுவிட்டு ஆறு பேர் என்னுடைய தப்பைத் தேடிக் குனிந்து நடந்தார்கள். ஒருவர் கடைசியாக ரத்தம் பார்த்த இடத்திலேயே நிற்பார், மற்றவர்கள் முன்னால் விசிறிபோல் பரவிப் போவார்கள். ஒரு துளி கண்ணில் பட்டால் பக்கத்துக் கிளையில் டாய்லெட் பேப்பர் ஒரு துண்டு. திரும்பிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக அது போன வழி தெரியும். ஓய்வுபெற்ற பால்வண்டி ஓட்டுநர் ஒருவர், எழுபது தாண்டியவர், முட்டி போட்டே ஒவ்வொரு ஓக் இலையாகப் புரட்டினார். ஓக் இலையில் இயற்கையாகவே சிவப்புப் புள்ளிகள் உண்டு, எச்சில் தொட்டுத் தேய்த்தால்தான் ரத்தமா புள்ளியா என்று தெரியும். அவர் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

ஓடை வரைக்கும் போனோம், அடிபட்ட மான் தண்ணீரைத் தேடும் என்பதால். ஓடைக்கு அப்பால் எதுவும் இல்லை. மறுநாளும் தேடினோம். கிடைக்கவில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பால்வண்டிக்காரர் மட்டும் தன் லாரியின் பின்கதவில் உட்கார்ந்து காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, முப்பது வருடம் முன்னால் அவர் இழந்த ஒரு மானைப் பற்றிச் சொன்னார், எந்த மரம், எந்தப் பக்கம் ஓடியது, எத்தனை நாள் தேடினார் என்பது வரைக்கும். அப்புறம் இன்னொருவர் தன்னுடையதைச் சொன்னார். ஆறு பேரிடமும் ஒன்று இருந்தது. கேம்ப்பில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பெரிய கொம்புக் கதைகளை எத்தனையோ கேட்டிருக்கிறேன், அவையெல்லாம் இப்போது ஒன்றோடொன்று கலந்துவிட்டன, இந்த ஆறும் அப்படியே நிற்கின்றன. அந்த வருடம் நான் அதற்குப் பிறகு பரண் ஏறவில்லை, அந்த மானையே என் பங்காக வைத்துக்கொண்டேன். டிசம்பரில் ஒரு நாள் என் வீட்டு வாசல்படியில் காகிதத்தில் சுற்றிய மான்கறி இருந்தது. யார் வைத்தது என்று எழுதியிருக்கவில்லை.

கொல்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தக் கூச்சம் உங்களை விட்டுப் போக வேண்டியதில்லை, எனக்குத் தெரிந்த நல்ல வேட்டைக்காரர்கள் எல்லோரிடமும் அது இருக்கிறது. விழுந்த மானின் அருகில் போனதும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சற்றுநேரம் பேசாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கும் ஒன்று உண்டு. 1900 வாக்கில் இந்த நாட்டில் வெண்வால் மான்கள் ஐந்து லட்சத்துக்கும் கீழே போய்விட்டன, விற்பனைக்காக வரைமுறையில்லாமல் சுட்டதால். இப்போது சுமார் மூன்று கோடி. சட்டமும் சீசன்களும், 1937-லிருந்து துப்பாக்கி, தோட்டா மீதும் பிற்பாடு வில், அம்பு மீதும் வசூலித்துக் காட்டுயிர்களுக்கே செலவழிக்கும் வரியும் அதற்குப் பெரிய காரணம். ஓநாய்கள் பெரும்பாலான இடங்களில் இல்லாமல் போனதால் இன்று பல காடுகளில் இளம் மரக்கன்றுகளை மான்கள் தலையெடுக்க விடுவதில்லை. இதை நம் ஊரோடு ஒப்பிட வேண்டாம். அங்கே 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுப்பது சரி, அங்குள்ள நிலைமை வேறு.

விஸ்கான்சின்தான் 1934-ல் வில்லுக்கென்று தனி மான் சீசனை முதலில் கொண்டுவந்தது, அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். ஆனால் இந்த மரபின் வேர் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. 1911-ல் ஓரோவில் ஊருக்கு வந்து சேர்ந்த இஷி, யாஹி மக்களில் கடைசியாக எஞ்சியவர். குடியேறிகள் அவர் சனத்தைக் கொன்று தீர்த்திருந்தார்கள். அவரை சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார்கள். பக்கத்து மருத்துவமனையின் டாக்டர் சாக்ஸ்டன் போப் அவருக்கு வைத்தியம் பார்த்தார், இஷி அந்த டாக்டருக்கு வில் செய்யவும் எய்யவும் பதுங்கி நடக்கவும் கற்றுக்கொடுத்தார். 1916-ல் இஷி காசநோயில் இறந்தார். போப் எழுதியதைப் படித்துத்தான் அடுத்த தலைமுறை வில்லை எடுத்தது. தன் மக்களை அழித்தவர்களின் ஊரில் இருந்துகொண்டு ஒரு மனிதர் தன் கைத்தொழிலைக் கொடுத்துவிட்டுப் போனார், அதை நினைக்காமல் நான் வில்லில் நாண் ஏற்றியதில்லை.

நண்பர் கேம்ப்புக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்காதீர்கள், வாசனை சோப்பும் வேண்டாம். ரப்பர் பூட்ஸ் போடுங்கள். நல்ல தலைவிளக்கு ஒன்றும் மாற்று பேட்டரியும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அவர்களே கொடுப்பார்கள். பரணில் ஏற்றினால் தரையை விட்டுக் கால் எடுத்ததிலிருந்து திரும்பத் தரையைத் தொடும்வரை பாதுகாப்புப் பட்டையைக் கழற்றக் கூடாது. பரணிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

அப்புறம், முதல் வேலையாக உங்கள் எண்ணை அவர்களுடைய குழுவில் சேர்க்கச் சொல்லுங்கள். சாயங்காலம் இருட்டியதும் ஒவ்வொருவரும் மரத்தைவிட்டு இறங்கி "கீழே" என்று ஒரு சொல் அனுப்புவார்கள். எங்கள் குழுவில் ஏழு "கீழே" வந்த பிறகுதான் யாராவது வண்டியைக் கிளப்புவார்கள். போன வருடம் ஒரு நாள் ஆறுதான் வந்தது. பால்வண்டிக்காரரின் போன் குளிரில் அணைந்துவிட்டிருக்கிறது, அது தெரியாமல் நாங்கள் ஆறு பேரும் ஆறு பக்கத்திலிருந்து அவர் மரத்தை நோக்கி ஓடினோம். பாதி வழியில் அவர் விளக்கு எதிரே வந்தது.